முயலுக்குக் கேட்காத தோட்டா

கேள்வி: ஐயா, வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஹட்டி (படகர் ஊர்). கேரட், பீட்ரூட் போடுகிறோம். என் மகன் நியூசிலாந்தில் ஒட்டாகோ பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறான். அங்கே முயல்கள் புல்லையெல்லாம் தின்று தீர்க்கின்றன என்று, முதலாளி சொல்லி, முறைப்படி லைசென்ஸ் எடுத்து, புதிதாக ஒரு .22 செமி ஆட்டோமேடிக் ரைஃபிள் (சுட்டதும் தானாகவே அடுத்த சின்னத் தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரகம்) வாங்கினான். வாங்கிய நாளிலிருந்து தகராறுதான். பத்து ரவுண்டில் (தோட்டாவில்) இரண்டு மூன்று தடவை நின்றுவிடுகிறது. காலி கேஸ் (தோட்டாவின் வெற்றுக் கூடு) பாதி வெளியே வந்து நட்டுக்கொண்டு நிற்கிறது. சில நேரம் டிரிகரை இழுத்தால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. முயல் மிரளக்கூடாது என்று சைலன்சரும், சத்தம் குறைவான தோட்டாவும் நிறைய வாங்கி வைத்திருக்கிறான். கடைக்காரர் 'சுடச் சுடச் சரியாகிவிடும்' என்கிறார். கூட வேலை பார்க்கும் பையன் '25 ரவுண்டு மேகசின் (தோட்டாக்களை அடுக்கி மாட்டும் பெட்டி) போட்டுப் பார்' என்கிறானாம். நீங்கள் ராணுவத்தில் துப்பாக்கி பழுது பார்க்கும் ஆர்மரராக இருந்தவர். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம் ஐயா. மற்ற வரிகளையெல்லாம் ஒரு தடவைதான் படித்தேன், 'சத்தம் குறைவான தோட்டா' என்ற வரியை மூன்று தடவை படித்தேன். தகராறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

.22 செமி ஆட்டோவில் போல்ட்டை, அதாவது தோட்டாவுக்குப் பின்னால் அடைத்து நிற்கும் இரும்புக் கட்டையை, பூட்டி வைக்க எதுவும் கிடையாது. வாசல் கதவுக்குக் கொக்கி போடாமல், உள்பக்கம் ஆட்டுக்கல்லைச் சாய்த்து வைத்த மாதிரி ஏற்பாடு. போல்ட்டின் கனமும் ஒரு ஸ்பிரிங்கும் மட்டுமே அதைப் பிடித்து நிற்கின்றன. தோட்டா வெடிக்கும்போது குண்டு முன்னால் போகிறது, காலி கேஸ் பின்னால் வந்து போல்ட்டைத் தள்ளுகிறது. அந்த ஒரே தள்ளில் கேஸ் வெளியே விழ வேண்டும், ஸ்பிரிங் அமுங்க வேண்டும், போல்ட் திரும்பி வரும்போது அடுத்த ரவுண்டைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

சாதாரண ஹை வெலாசிட்டி .22 தோட்டாவின் குண்டு நொடிக்கு 380 மீட்டர் வாக்கில் கிளம்பும். சத்தத்தின் வேகம் சுமார் 340 மீட்டர். குண்டு அதைத் தாண்டினால் சாட்டை சொடுக்கின மாதிரி ஒரு 'படீர்' வரும். சைலன்சரால் அதை அடக்க முடியாது. அதனால்தான் சப்சானிக் என்று நொடிக்கு 320 மீட்டர் போகிற தோட்டா விற்கிறார்கள். முயல் அவ்வளவாக மிரளாது, உண்மைதான். ஆனால் அது ஆட்டுக்கல்லைத் தள்ளுகிற தள்ளும் குறைவு. ஸ்பிரிங் இன்னும் விறைப்பாக இருக்கிற புது ரைஃபிளில் போல்ட் முக்கால் தூரம் வந்துவிட்டுத் திரும்பிவிடும். வெளியே விழ வேண்டிய கேஸ் பாதியில் மாட்டி நட்டுக்கொண்டு நிற்கும். உங்கள் கடிதத்தில் இருப்பது இதேதான். போல்ட்டைக் கையால் இழுத்து ஏற்றுகிற ரைஃபிளில் அந்தத் தோட்டாவால் ஒரு தொந்தரவும் வராது.

இன்னொன்று, அங்கே இப்போது பனிக்காலம். நமக்கு மழை பெய்யும் ஜூலையில் அவர்களுக்கு உறைபனி. மார்கழி, தை மாதத்தில் கோத்தகிரியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டு விழாதே, அந்த மாதிரிதான் கெட்டியான துப்பாக்கி எண்ணெயும். புதுத் துப்பாக்கியில் துருப்பிடிக்காமல் இருக்கக் கம்பெனியில் தடவி அனுப்புகிற எண்ணெய் சுடுவதற்கானதில்லை, கப்பல் பயணத்துக்கானது. பல பேர் அதைத் துடைக்காமலே சுடத் தொடங்கிவிடுகிறார்கள். தம்பி துடைத்தானா என்று கேளுங்கள்.

'டிக்' விஷயத்துக்கு வருவோம். சுடாத ரவுண்டை எடுத்து அதன் விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். .22 தோட்டாவில் வெடிமருந்துப் பொறி நடுவில் இல்லை, அடிவிளிம்பின் மடிப்புக்குள் இருக்கிறது. ஊசி அடித்த பள்ளம் லேசாக இருந்தால் பெரும்பாலும் போல்ட் முழுசாக மூடவில்லை என்று அர்த்தம்: சேம்பரில் (குழாயின் பின்பக்கம் தோட்டா உட்காரும் இடம்) மெழுகும் கரியும் சேர்ந்து, ரவுண்டு ஒரு நூலிழை வெளியே நிற்கிறது. இந்த ஈயக் குண்டுகளில் மெழுகு பூசியிருப்பார்கள். சைலன்சர் போட்டால் புகை பின்னாலேயே திரும்பி வந்து அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். பள்ளம் ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் அந்த ரவுண்டில்தான் கோளாறு. 'டிக்' கேட்டவுடன் போல்ட்டை இழுக்கக் கூடாது. குழாயை ஆபத்தில்லாத பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு முப்பது நொடி பொறுக்க வேண்டும். அதைவிட முக்கியம்: வழக்கமில்லாத 'பொத்' என்ற சத்தம் வந்தால், அடுத்த ரவுண்டு சுடாமல், துப்பாக்கியைக் காலி செய்து குழாய்க்குள் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சைலன்சரோடு சுடும்போது இந்த வித்தியாசம் காதுக்குச் சட்டென்று தெரியாது. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

எங்கள் காலத்துக் கதை ஒன்று. நம் குன்னூர் வெலிங்டனில் நான் இருந்தபோது ரெக்ரூட்டுகளுக்கு அந்தக் காலத்து ராணுவ ரைஃபிளான எஸ்.எல்.ஆர். ஃபயரிங் நடக்கும் நாளில் ஒரு ரைஃபிள் மட்டும் ஓயாமல் நின்றது. வெடித்த வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத் திருகிப் பார்த்தோம், காலி கேஸை இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரை மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானம் அதே ரைஃபிள் ஒழுங்காகச் சுட்டது, பக்கத்து ரைஃபிள் நின்றது. பையன்கள் மேகசினை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்! எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால், வாயின் இடது உதடு ஒரு அரிசி மணி அளவுக்கு வெளியே வளைந்திருந்தது. யாரோ சிமெண்ட் படியில் போட்டிருக்கிறான், சொல்ல பயம். அன்று சாயங்காலம் என் வீட்டம்மாவின் நகப் பாலிஷை எடுத்துப் போய் எல்லா மேகசினிலும் நம்பர் போட்டேன். பாட்டிலைக் காலி செய்ததற்கு வீட்டில் விழுந்த திட்டு தனி.

அதனால் தம்பியிடம் இரண்டு மேகசின் இருந்தால் முதலில் 1, 2 என்று எழுதச் சொல்லுங்கள். எந்த மேகசின், எந்தத் தோட்டா, எப்படி நின்றது என்று ஒவ்வொரு தடவையும் குறித்துக்கொள்ளட்டும். ரவுண்டின் மூக்கு சேம்பருக்குக் கீழே முட்டி ஈயம் சிராய்ந்திருந்தால் மேகசினைப் பார்க்க வேண்டும். காலி கேஸ் வெளியே வராமல் சேம்பரிலேயே உட்கார்ந்திருந்தால் அழுக்கு, இல்லையென்றால் எக்ஸ்ட்ராக்டர்.

இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். துப்பாக்கி காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, புல்த்ரூவில் (குழாய் துடைக்கும் கயிறு) கந்தல் துணி மாட்டிச் சேம்பர் பக்கமிருந்து இழுக்கட்டும். இந்த வகை ரைஃபிள்களில் பலவற்றுக்குப் பின்னாலிருந்து கம்பி விட வழியில்லை. முன்னாலிருந்து விட்டால் குழாயின் வாய் தேயும். போல்ட்டையும் சேம்பரையும் உலரத் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு, போதும். சைலன்சரைக் கழற்றி வைத்துவிட்டு, 40 கிரெயின் (குண்டின் எடை) ஹை வெலாசிட்டி தோட்டா இரண்டு பெட்டி, நூறு ரவுண்டு, அட்டையில் குறி வைத்துச் சுடட்டும். காதுக்கு மூடி போட்டுக்கொண்டுதான். நின்றுபோவது நின்றுவிட்டால் ரைஃபிளில் குறையில்லை. அப்புறம் சைலன்சர் மாட்டி ஒரு பெட்டி. அப்புறம்தான் சப்சானிக். இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எது மருந்து, எது நோய் என்று தெரியாது. கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை, சில நூறு ரவுண்டு போனால் ஸ்பிரிங் பழகும். ஆனால் சப்சானிக்கை வைத்துப் பழக்க நினைத்தால் பொறுமைதான் தேயும். நல்ல தோட்டாவிலும் நூற்றுக்கு ஐந்தாறு நின்றால் வாரண்டியில் கொடுத்துவிடட்டும். தானே ராவிச் சரிசெய்ய அரத்தை மட்டும் எடுக்க வேண்டாம். எடுத்த பிறகு வாரண்டியும் இல்லை.

25 ரவுண்டு மேகசின் பேச்சே வேண்டாம். 2019-இல் கிரைஸ்ட்சர்ச் மசூதிகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு அந்த நாட்டில் செமி ஆட்டோ ரைஃபிள்களைப் பெரும்பாலும் தடை செய்துவிட்டார்கள். .22 ரிம்ஃபயருக்கு (விளிம்பில் அடித்தால் வெடிக்கும் தோட்டா ரகம்) விலக்கு உண்டு, மேகசினில் 10 ரவுண்டுக்கு மேல் கூடாது என்ற நிபந்தனையோடு. கூட இருக்கிற பையனின் யோசனை உங்கள் மகனின் லைசென்ஸை மட்டுமில்லை, விசாவையும் கொண்டுபோய்விடலாம்.

தோட்டாவால் ரைஃபிள் கெட்ட பெயர் வாங்குவது புதுசில்லை. வியட்நாம் போரில் அமெரிக்கர்களின் எம்16 ரைஃபிள் வந்த புதிதில், 1965, 66 வாக்கில், சண்டை நடுவில் நின்றது. சிப்பாய்கள் செத்தார்கள். சோதனை செய்தது ஒரு மருந்துப் பொடியில், சண்டைக்குக் கொடுத்தது வேறொரு பொடியில். புதுப் பொடியில் கரியும் அதிகம், ஓட்டமும் வேகம். போதாததற்கு 'இதை அதிகம் துடைக்க வேண்டியதில்லை' என்று சொல்லி, துடைக்கிற சாமான்கூடச் சரியாகக் கொடுக்கவில்லை. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. பிறகு சேம்பருக்கு குரோம் பூசினார்கள், துடைப்பதைக் கட்டாயமாக்கினார்கள். அதே ரைஃபிள்தான் இன்றுவரை அவர்கள் கையில் வேறு வேறு உருவத்தில் இருக்கிறது.

கேள்வி: தாண்டிக்குடியில் காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். கொட்டகைச் சுவரில் குறி வைத்துப் பழக ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வாங்கினேன். சுட்டால் குழாயிலிருந்து புகை வருகிறது, நிஜத் துப்பாக்கி மாதிரி 'டமார்' என்கிறது. ஒரு குண்டு மேலே, ஒரு குண்டு கீழே. காற்றுத் துப்பாக்கியில் புகை எப்படி?

பதில்: உள்ளே எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் காற்றை அமுக்கும்போது வருகிற சூட்டில், கம்பெனிக்காரன் தாராளமாகப் பூசின எண்ணெய் டீசல் எஞ்சினில் பற்றுவது மாதிரி பற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு தடவையும் எரிகிற அளவு மாறும், குண்டின் வேகமும் மாறும், அதனால்தான் மேலே கீழே. குழாயை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு நூறு இருநூறு குண்டு சுடுங்கள், தானாக அடங்கும். 'இறுக்கமாக இருக்கிறது' என்று தையல் மெஷின் எண்ணெய் விட்டுவிடாதீர்கள், ஸ்பிரிங் ஒடியும், சீல் கருகும். 4.5 மில்லிமீட்டர் குழாயும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் இருந்தால் நம் நாட்டில் லைசென்ஸ் தேவையில்லை. பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள், கேட்டால் காட்ட வேண்டும். சுவரில் நேராகச் சுடாதீர்கள். கல்லில் பட்ட குண்டு திரும்பி வரும். மரப்பெட்டியில் பழைய துணியை அடைத்து அட்டையை அதன் முன்னால் வையுங்கள்.