ஏற்காட்டு ஏற்றமும் எஞ்சின் சத்தமும்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி, நெடுந்தூரம் ஓடிய பழைய வண்டிகளின் எஞ்சினிலிருந்து புதிதாகக் கேட்கத் தொடங்கியிருக்கும் சத்தத்தைப் பற்றியவை. அவற்றுள் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்தவற்றுக்கு இங்கே விடையளிக்கிறோம். சமதளத்தில் வெளியே தெரியாமல் இருக்கும் தேய்மானத்தை மலைப்பாதை காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், இந்தக் கடிதங்கள் மற்ற ஊர்க்காரர்களுக்கும் பயன்படும்.

கேள்வி: எங்கள் காபித் தோட்டத்தில் மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பழைய டீசல் ஜீப் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ‘டக் டக்’ என்று அடிக்கிறது. சூடேறியதும் சத்தம் பெரிதும் குறைந்துவிடுகிறது. பட்டறையில் காட்டினால், எஞ்சினை இறக்கிப் பிரித்துவிடலாம் என்கிறார்கள். இறக்கித்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: உடனே இறக்க வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான குறிப்பு இருக்கிறது: சூடேறினால் சத்தம் குறைகிறது. எஞ்சின் சத்தத்தை ஆராய்பவர் முதலில் கேட்க வேண்டியது, சத்தம் எப்படி இருக்கிறது என்பதை அல்ல, எப்போது வருகிறது என்பதைத்தான். பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு (எஞ்சினின் சுழலும் தண்டு) இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்து வரும் சத்தம், ஆயில் சூடாகி இளகியதும் பொதுவாகக் கூடுமே ஒழியக் குறையாது. ஆகவே, நீங்கள் அதிகம் அஞ்ச வேண்டிய பழுது இதுவாக இருக்க வாய்ப்புக் குறைவு.

குளிரில் கேட்டு, சூட்டில் அடங்கும் சத்தத்துக்கு உங்கள் வண்டியில் மூன்று காரணங்கள் இருக்கலாம். முதலாவது, ஏற்காட்டின் குளிர்ந்த காலைப் பொழுதில் எந்த டீசல் எஞ்சினும் செய்வதுதான்: சிலிண்டருக்குள் காற்றும் உலோகமும் குளிர்ந்திருக்கும்போது, தெளிக்கப்பட்ட டீசல் தீப்பற்றச் சற்றுத் தாமதமாகிறது, அதற்குள் சேர்ந்துவிட்ட டீசல் முழுவதும் ஒரே நேரத்தில் பற்றுவதால் அடி பலமாகக் கேட்கிறது. இரண்டாவது, பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே தேய்மானத்தால் இடைவெளி கூடியிருப்பது. அலுமினியப் பிஸ்டன் சூட்டில் விரியும் அளவு, வார்ப்பிரும்பு பிளாக் விரியும் அளவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு என்பதால், எஞ்சின் சூடேறியதும் அந்த இடைவெளி சுருங்கிச் சத்தம் அடங்குகிறது. இந்தச் சத்தத்துடன் ஆண்டுக்கணக்கில் ஓடும் வண்டிகள் உண்டு. ஆயில் செலவு கூடாமலும், நீலப் புகை வராமலும், ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை மேலெழாமலும் இருக்கும்வரை, இதற்காக எஞ்சினைப் பிரிப்பது வீண் செலவு என்பதே என் கருத்து.

மூன்றாவது காரணத்தைத்தான் பல பட்டறைகளில் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு எஞ்சினோடு சேரும் இடத்தில், கசிவைத் தடுக்கும் கேஸ்கட் கருகியிருந்தாலோ, ஒரு போல்ட் முறிந்திருந்தாலோ, அந்த வழியே புகை விட்டுவிட்டுச் சீறும்போது எழும் ஓசை, டேப்பட் (வால்வைத் திறக்கும் பாகம்) சத்தத்தைப் போலவே கேட்கும். இரண்டும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒரு முறை வருபவை என்பதால், வேகத்தை வைத்தும் பிரித்தறிய முடியாது. இரும்பு சூடேறி விரிந்ததும் ஓட்டை அடைபட்டுச் சத்தம் நின்றுவிடும். எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும்போது டார்ச் அடித்து அந்த இணைப்பை ஓரம் ஓரமாகப் பாருங்கள். ஏதேனும் ஒரு போர்ட்டின் அருகே விசிறி போல் பரவிய கரிப்படிவு தெரிந்தால், கேஸ்கட்டை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும்.

அங்கே கரி இல்லையென்றால் அடுத்து டேப்பட் இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) கொண்டு, அந்த எஞ்சினுக்குரிய கையேட்டில் உள்ள அளவின்படி சரிபார்க்கச் சொல்லுங்கள். சத்தமே கேட்காத அளவுக்கு இறுக்கும்படி மட்டும் கேட்காதீர்கள். இடைவெளி சற்றுக் கூடினால் சத்தம்தான் வரும். குறைந்துவிட்டால் வால்வு முழுமையாக மூடாமல், குறிப்பாக எக்ஸாஸ்ட் வால்வு, எரிந்துபோகும்.

சத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று அறிய, அனுபவமுள்ள மெக்கானிக்குகள் நீளமான ஸ்க்ரூ டிரைவரைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதன் முனையை எஞ்சினின் ஒரு போல்ட் தலையில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்போடு அழுத்திக் கேட்டால், மற்ற இரைச்சலெல்லாம் விலகி அந்த இடத்தின் சத்தம் மட்டும் தெளிவாக வந்து சேரும். மேலே டேப்பட் கவர், நடுவே பிளாக்கின் பக்கவாட்டு, கீழே ஆயில் தங்கும் சம்ப், முன்னால் வாட்டர் பம்ப், டைனமோ என்று ஒவ்வோர் இடமாக வைத்துக் கேட்டு ஒப்பிட வேண்டும். ஓடும் ஃபேனுக்கு அருகில் செய்யும் வேலை என்பதால், தோளில் துண்டோடும் தொங்கும் வேட்டி நுனியோடும் இதில் இறங்க வேண்டாம்.

உங்கள் ஜீப்பில் பழைய முறை மெக்கானிக்கல் பம்ப் இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. எஞ்சின் ஓடும்போது டீசலைத் தெளிக்கும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் பைப் நட்டையும் சிறிது தளர்த்தி, அந்தச் சிலிண்டரை மட்டும் சற்று நேரம் செயலிழக்கச் செய்து கேட்க வேண்டும். ஒரு சிலிண்டரைத் தளர்த்தும்போது சத்தம் குறைந்தால், பழுது அந்தச் சிலிண்டரில் இருக்கிறது. பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, அந்த இன்ஜெக்டரைக் கழற்றி வேறொரு சிலிண்டரில் மாட்டிப் பாருங்கள். சத்தமும் கூடவே இடம் மாறினால் கோளாறு இன்ஜெக்டரின் தெளிப்பு முனையான நாசிலில்தான். பம்ப் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். மாறாமல் அதே சிலிண்டரில் நின்றால்தான் பிஸ்டன், பேரிங் பற்றிப் பேச வேண்டும். ஆனால் எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் அமைப்புள்ள பிற்கால டீசல் வண்டிகளில் இந்த நட்டைத் தளர்த்தவே கூடாது. அந்தக் குழாய்களில் ஆயிரம் பார் (காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு) அளவையும் தாண்டும் அழுத்தம் இருப்பதால், சீறும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் சென்றுவிடும்.

கேள்வி: என்னிடம் பழைய மாருதி 800 இருக்கிறது. அடிவாரம் தாண்டி ஏற்காட்டுக்கு ஏறும்போது, கொண்டை ஊசி வளைவை விட்டு வெளியே வந்து ஆக்ஸிலேட்டரை அழுத்தினால், தகரடப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல் சத்தம் வருகிறது. ஊருக்குள் ஓட்டும்போது இல்லை.
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: நீங்கள் எழுதியிருப்பது பெட்ரோல் எஞ்சினில் வரும் நாக்கிங். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த நெருப்பு சீராகப் பரவி முடிவதற்குள், மூலையில் மிஞ்சியிருக்கும் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகவே வெடிப்பதுதான் அந்தச் சத்தம். 796 சிசி கொள்ளளவும் மூன்று சிலிண்டரும் கொண்ட அந்தச் சிறிய எஞ்சினை, இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் மூன்றாம் கியரிலேயே இழுக்க வைத்தால், வேகம் குறைந்து சுமை கூடிய அந்த நொடியில் நாக்கிங் வருவது இயல்பு. வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு இறக்கி, எஞ்சின் தாராளமாகச் சுழலும்படி ஏறிப் பாருங்கள். ‘மேல் கியரில் ஏறினால் பெட்ரோல் மிச்சம்’ என்ற எண்ணத்தில் பிஸ்டனைப் பாழாக்கிக்கொள்பவர்கள் நம்மிடையே அதிகம்.

கியரை இறக்கியும் சத்தம் வந்தால் இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரம்) தேவைக்கு மேல் முன்னே வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நெடுந்தூரம் ஓடிய எஞ்சினில் பிஸ்டன் தலையில் படியும் கரியும் இதே விளைவைத் தரும். இன்னொன்றையும் கவனியுங்கள். சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், மேலே போகப்போகக் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. காற்று குறைந்தால் சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைந்து நாக்கிங் தணிய வேண்டும். கீழ் வளைவுகளில் பலமாகவும் மேல் வளைவுகளில் மெதுவாகவும் கேட்டால் டைமிங்கையும் கரியையும் சந்தேகியுங்கள். மாறாக, ஏற ஏறக் கூடிக்கொண்டே போனால் எஞ்சின் அளவு மீறிச் சூடாகிறது என்று பொருள். ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், ஃபேன் ஆகியவற்றோடு ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். ஏற்காட்டின் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதைக் கொதிக்க விடாமல் அழுத்தத்தில் வைத்திருப்பது அந்த மூடியின் ரப்பர் வாஷரும் ஸ்பிரிங்கும்தான்.

கேள்வி: சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் பக்கமிருந்து ‘கர்ர்’ என்ற சத்தம். கிளட்ச்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. எஞ்சின் கோளாறா?
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: இல்லை, கியர்பாக்ஸ். கிளட்ச்சை மிதித்தால் நிற்கும் சத்தம், பெரும்பாலும் எஞ்சின் சுழற்சியை உள்ளே வாங்கும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கிலிருந்து வருவது. மிதித்தால் தொடங்கும் சத்தம், கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கிலிருந்து வருவது. முதலில் கியர் ஆயில் அளவைப் பாருங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் ஸ்டார்ட் செய்தால் ‘கீச்’ என்று கத்துகிறது. பெல்ட் மாற்றியும் நிற்கவில்லை.
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: பெல்ட்டின் உட்பக்கத்தில் சிறிது தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் சில நொடிகள் நின்று திரும்ப வந்தால், புல்லி நேர்க்கோட்டில் இல்லை அல்லது பெல்ட்டின் பள்ளங்கள் பொருந்தவில்லை. தெளித்ததும் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. இரண்டும் இல்லையென்றால், அந்த பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்கும் குறைவாக எஞ்சினை ஓட்டுங்கள். சத்தம் நின்றுவிட்டால் அது எஞ்சினுக்குள் இல்லை; ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் பேரிங்குகளைக் கையால் சுற்றிப் பார்த்தால் சொரசொரப்பு தெரிந்துவிடும். பல வண்டிகளில் அந்த பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது என்பதால் நேரத்தை மீற வேண்டாம்.

கேள்வி: ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் கார் ஒன்றை வாங்க இருக்கிறேன். ஓட்டிப் பார்த்ததில் எஞ்சின் மிக அமைதியாக இருந்தது. நம்பி வாங்கலாமா?
– வாசகர், கொண்டலாம்பட்டி, சேலம்

பதில்: நீங்கள் போனபோது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்ததா என்பதை எழுதவில்லை. விற்பவர் வண்டியை முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், குளிரில் மட்டும் கேட்கும் சத்தங்கள் எதுவும் உங்கள் காதுக்கு வராது. இரவு முழுவதும் நின்ற வண்டியை, காலையில் உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அதற்கு முன் பானட்டைத் திறந்து, பிளாக்கின் மேல் கை வைத்து, அது குளிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டைமிங் செயின் (வால்வுகளைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு ஒத்து இயக்கும் சங்கிலி) உள்ள எஞ்சின் என்றால், ஸ்டார்ட் ஆன முதல் சில நொடிகளில் முன்பக்கமிருந்து ‘லொடலொட’ என்று கேட்பது, செயின் நீண்டுவிட்டதையோ அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பலமிழந்ததையோ காட்டும். டைமிங் பெல்ட் உள்ளதென்றால் சத்தத்தை நம்பிப் பயனில்லை. பெல்ட் பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி அறுந்துவிடும் என்பதால், மாற்றியதற்கான ரசீது இல்லாவிட்டால் அந்தச் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள். டிப்ஸ்டிக்கை எடுத்து விரலால் தொட்டுப் பாருங்கள். கையேட்டில் சொன்னதைவிடக் கெட்டியான ஆயில், பேரிங் சத்தத்தை அடக்குவதற்காக ஊற்றப்பட்டதாக இருக்கலாம். முடிந்தால் மலைப்பாதையில் ஓட்டிப் பாருங்கள். கியரிலேயே நெடுந்தூரம் இறங்கி வந்து, பிறகு ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் பின்னால் நீலப் புகை குப்பென்று கிளம்பினால், ஆயில் சிலிண்டருக்குள் கசிந்திருக்கிறது. டர்போவையும் வால்வு கைடு சீல்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வாடகை வேன் ஓட்டுகிறேன். ஏற்காட்டு ஏற்றத்தில் வளைவு திரும்பும்போது ஆயில் விளக்கு மின்னி மறைந்தது. மேலே போய்ச் சேர்ந்ததும் அடியிலிருந்து கனமான ‘தட் தட்’ சத்தம். மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டு வந்துவிடலாமா?
– வாசகர், ஓமலூர்

பதில்: தயவுசெய்து ஓட்ட வேண்டாம். மேலே எழுதிய பெரும்பாலான சத்தங்களோடு வண்டியை ஓட்டிப் பட்டறைக்குப் போய்விடலாம். இந்தச் சத்தத்தோடு முடியாது. ஆயில் குறைந்திருந்த வண்டி சாய்ந்து திரும்பும்போது, சம்ப்பில் உள்ள ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, உறிஞ்சும் குழாய்க்குக் காற்று போயிருக்கும். அந்தச் சில நொடிகளில் பேரிங்குக்கும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் நடுவே இருந்த ஆயில் படலம் அறுந்து, உலோகம் உலோகத்தோடு உரசியிருக்கும். எஞ்சின் சுழலும் வேகத்துக்கு ஈடாக, கனமாக, அடியிலிருந்து கேட்பதும், ஆக்ஸிலேட்டரைச் சற்று விடும்போது தெளிவாகத் தெரிவதும் கனெக்டிங் ராடு பேரிங்கின் அடையாளம். இப்போதே நிறுத்தினால் பேரிங் மாற்றுவதோடோ, கிராங்க்கை லேத்தில் கிரைண்டிங் செய்து அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடுவதோடோ முடியலாம். தொடர்ந்து ஓட்டினால் ராடு முறிந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதன் பிறகு பழுதுபார்க்க அங்கே எஞ்சினே மிஞ்சாது.

எஞ்சின் ஆறியதும் டிப்ஸ்டிக்கைப் பார்த்து ஆயில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆயிலை ஊற்றியதும் சத்தம் குறைந்தது போல் தோன்றினாலும், தேய்ந்த பேரிங் மீண்டும் பழையபடி ஆகாது. பட்டறையில் ஆயிலை வடிக்கும்போது அருகிலேயே இருந்து, அதை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளி நிறத்தில் மின்னும் துகள்கள் பேரிங்கின் மேற்பூச்சு உரிந்ததைக் காட்டும். செம்பு நிறம் தெரிந்தால் அந்தப் பூச்சும் தேய்ந்து அடுத்த அடுக்குக்கு வந்துவிட்டது. சம்ப்பை இறக்கிப் பேரிங்கைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகே முழு ஓவர்ஹாலுக்குச் சம்மதியுங்கள். வேலை முடிந்ததும் ஆயில் விளக்கின் சுவிட்ச் இருக்கும் இடத்தில் அழுத்தமானி ஒன்றை மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய நிலையில் அழுத்தத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள்.

வேனைக் கயிறு கட்டி இழுத்து இறக்கவும் வேண்டாம். எஞ்சின் ஓடாதபோது பிரேக் பூஸ்டருக்கும் பவர் ஸ்டியரிங்குக்கும் உதவி கிடைக்காது. பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும் நிலையில், அத்தனை வளைவுகளிலும் வண்டியைக் கட்டுப்படுத்துவது ஆபத்து. செலவானாலும் மீட்பு வண்டியின் மேல் ஏற்றியே சேலத்துக்குக் கொண்டுவாருங்கள்.