வத்தாளங்கிழங்கு உருண்டை ஏன் சுருங்குகிறது?

கேள்வி: தைவான் இரவுச் சந்தைகளில் விற்கும், உள்ளே வெறுமையான வத்தாளங்கிழங்கு உருண்டையைச் சோளமா சேர்த்துப் பொரித்தேன். உப்பவேயில்லை, ஆறியதும் கல்லாகிவிட்டது. (வாசகி, உவர்மலை, திருகோணமலை)

பதில்: கோளாறு சோளமாவில்தான். இழுபட்டு உப்பும் தன்மை அதற்கு இல்லை, மரவள்ளி மாச்சத்துக்கு உண்டு. மரவள்ளிக் கிழங்கைக் காயவைத்து இடித்த மாவும் சரிவராது, அதில் நார் இருக்கும். மாச்சத்துக் கிடைக்காவிட்டால் மரவள்ளிச் சவ்வரிசியை நைசாக அரைத்து அரித்தெடுங்கள்.

கிழங்கை ஆவியில் அவியுங்கள். தண்ணீரில் போட்டால் ஈரம் ஏறி, மா கூடுதலாகக் கேட்கும். மசித்த கிழங்கு 300 கிராமுக்குச் சீனி 45 கிராம், மாச்சத்து 130 கிராம். சூடு ஆறமுன் குழைத்து, நெல்லிக்காயிலும் சிறிதாக உருட்டுங்கள். எண்ணெய் 140 பாகை போதும். உருண்டைகள் மிதந்து, தோல் சற்று இறுகியதும் ஓட்டைக்கரண்டியின் முதுகால் தாச்சி ஓரத்தில் மெல்ல அழுத்திவிடுங்கள். சப்பையாகி, உடனே முன்னையிலும் பெரிதாக உப்பும். ஐந்தாறு தடவை இப்படி. பலர் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள்! முடிவில் 170 பாகையில் ஒரு நிமிடம் விட்டால்தான் ஓடு இறுகும்; இல்லாவிட்டால் தட்டில் சுருங்கும்.

கேள்வி: ஜப்பானிய 'தைகாக்கு இமோ'வின் (பொரித்துச் சீனிப்பாகில் புரட்டிய வத்தாளங்கிழங்குத் துண்டுகள்) பாகு சீனிமணியாகப் பூத்துப்போகிறது. என்ன செய்யலாம்? (வாசகர், நிலாவெளி)

பதில்: கொதிக்கும்போது கிண்டாதீர்கள். சீனி 60 கிராமுக்கு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், அரைத் தேக்கரண்டி வினாகிரி. பொரித்த துண்டுகளைப் புரட்டிக் கறுப்பு எள்ளுத் தூவுங்கள். கடற்காற்றில் சீக்கிரம் பிசுபிசுக்கும், அன்றே சாப்பிடுங்கள்.