நாளை மாலை கப்பல்: உஷுவாயாவிலிருந்து கேள்வி பதில்

அர்ஜென்டினாவின் தென்கோடி நகரமான உஷுவாயாவில் இருக்கிறேன். நாளை மாலை ஆறு மணிக்கு எங்கள் கப்பல் அன்டார்க்டிகா தீபகற்பத்துக்குப் புறப்படுகிறது. பருவநிலை மாற்றத்தை நேரில் பார்த்து, திரும்பி வந்து அவரவர் ஊரில் அதற்காக வேலை செய்ய ஆட்களைத் தயார்செய்யும் பயணம் இது. 2018இல் பங்கேற்பாளராகப் போனேன். இம்முறை புதியவர்களைத் தயார்படுத்தும் குழுவில் இருக்கிறேன். ஊரில் நான் புவியியல் ஆசிரியை. நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மூட்டை கட்டும் வேலைக்கு நடுவே முடிந்தவரை பதில் எழுதுகிறேன்.

எல்லாரும் ஏன் உஷுவாயாவிலிருந்தே புறப்படுகிறார்கள்? (மதுரை, கல்லூரி மாணவி)

தூரம்தான் காரணம். இங்கிருந்து தீபகற்பம் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். தென்னாப்பிரிக்காவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ போனால் இதைப்போல் பல மடங்கு கடல் தாண்ட வேண்டும். முதலில் பீகிள் கால்வாய். அதில் இரவு வரை ஒரு வழிகாட்டி மாலுமி உடன் வந்து இறங்கிக்கொள்வார். பிறகு இரண்டு நாள், தென் அமெரிக்காவுக்கும் அன்டார்க்டிகாவுக்கும் நடுவே உள்ள டிரேக் கடல்.

அந்த டிரேக் கடலை நினைத்தாலே பயமாக இருக்கிறது அக்கா. வாந்திக்கு என்ன வழி? (திருப்பூர்)

பயப்படுவது நியாயம்தான். அந்த அட்சரேகையில் உலகைச் சுற்றிவரும் காற்றைத் தடுக்க நிலமே இல்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மாத்திரையைத் தலை சுற்றிய பிறகு போட்டுப் பயனில்லை. பீகிள் கால்வாய் அமைதியாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். எந்த மாத்திரை என்று ஊரிலேயே உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் வயிறு கூடாது. நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும். கதவு விளிம்பில் விரல் வைக்காதீர்கள். 2018இல் எங்களோடு வந்தவர்களில் ஒருவருக்கு விரல் நசுங்கியது அப்படித்தான்.

என்ன உடை கொண்டு போகிறீர்கள்? சென்னையில் கிடைக்குமா? (சென்னை)

பருத்தியை மட்டும் விட்டுவிடுங்கள். நம் ஊருக்கு அது வரம். அங்கே வியர்வையில் நனைந்தால் காயவே காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உடலோடு ஒட்டிய கம்பளி, அதன்மேல் ஃப்ளீஸ் என்ற மென்மையான சூட்டுத்துணி, எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீரும் காற்றும் புகாத சட்டை, பேண்ட். இந்தப் பருவத்தில் தீபகற்பத்தில் பூஜ்யத்தை ஒட்டித்தான் வெப்பநிலை இருக்கும். குளிரைவிட ஈரக்காற்றுதான் வாட்டும். முதல் இரண்டு அடுக்கும் சென்னையில் கிடைக்கும். ரப்பர் பூட்ஸ் கப்பலில் தருவார்கள். கையுறை இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று கட்டாயம் நனையும்.

புறப்படுவதற்கு முன் மிக முக்கியமான தயாரிப்பு எது? உடற்பயிற்சியா? (கோவை)

சுத்தம் செய்வது. இதைச் சொன்னால் புதியவர்கள் முதலில் நம்புவதில்லை.

அன்டார்க்டிகாவில் இயற்கையாக வளரும் பூக்கும் தாவரங்கள் இரண்டே இரண்டு: ஒரு புல்லும், பாசிபோல் படரும் ஒரு சிறு செடியும். அந்த இடத்தில் வெளியூர் விதை ஒன்று விழுந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தீபகற்பத்தருகே உள்ள கிங் ஜார்ஜ் தீவு சாட்சி. அங்கே போலந்தின் ஆர்க்டோவ்ஸ்கி நிலையத்தருகே, உலகெங்கும் பாதையோரம் முளைக்கும் போவா அன்னுவா என்ற புல் மனிதர்களோடு வந்து வேரூன்றியது. அதைப் பிடுங்கி ஒழிக்கப் பல வருடங்களாகப் பாடுபடுகிறார்கள்.

அதனால் கரையில் போடப்போகும் ஒவ்வொரு துணியையும் வேக்குவம் கிளீனரால் இழுக்கிறோம். பைகளின் மூலை, பாக்கெட்டுகளின் அடி, பூட்ஸ் அடிப்பள்ளம் எல்லாம். வெல்க்ரோ பட்டைதான் பெரிய எதிரி. அதன் கொக்கிகளுக்குள் என்ன சிக்கினாலும் விடாது. ஊசியும் இடுக்கியும் வைத்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். நேற்று இரவு என் பழைய பேண்ட்டின் கால் மடிப்பைப் பிரித்தேன். உள்ளே ஒரு நாயுருவி விதை. எங்கள் ஊர் ஏரிக்கரையில் நடந்தபோது ஒட்டியது. இரண்டு முறை துவைத்து, மூன்று விமானம் மாறி, பூமியின் மறுமுனைக்கு வந்திருக்கிறது. காய்ந்த முள்ளோடு உள்ளங்கையில் கிடந்ததைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. அது அந்தக் குளிரில் முளைக்காதுதான். ஆனால் குளிர்நாட்டிலிருந்து வரும் ஒருவரின் மடிப்பில் இருக்கும் விதை முளைக்கும். நிலம் சூடாக ஆக இன்னும் சுலபமாக முளைக்கும். விதையை உறைக்குள் ஒட்டிவைத்து இன்று காலை எல்லாரிடமும் காட்டினேன். அதற்கப்புறம் யாரும் வேக்குவம் போடச் சலித்துக்கொள்ளவில்லை.

இதோடு பறவைக்காய்ச்சல் வேறு. 2024 பிப்ரவரியில் தீபகற்பத்தில் அர்ஜென்டினாவின் பிரிமாவேரா தளத்தருகே ஸ்குவா பறவைகளில் எச்5என்1 உறுதியானது. இப்போது கரையில் உட்காரக்கூடாது, மண்டியிடக்கூடாது, பையைத் தரையில் வைக்கக்கூடாது. போகும்போதும் வரும்போதும் பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்கித் தேய்க்க வேண்டும்.

கரையில் கழிப்பறை? (பெயர் வேண்டாம் என்றவர்)

கிடையாது. கப்பலில் போய்விட்டுத்தான் இறங்க வேண்டும். இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் திரும்பிவிடுவோம்; அவசரமானால் படகில் திருப்பி அழைத்துப் போவார்கள். மாதவிடாய் நாளானால் தயங்காமல் குழுவில் ஒரு பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். முதல் படகில் வரவும் முன்னதாகத் திரும்பவும் ஏற்பாடு செய்வோம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? (கும்பகோணம்)

கப்பலில் கிடைக்கும், முன்பே சொல்லிவைத்தால் போதும். கரைக்கு எந்த உணவும் கொண்டுபோகக் கூடாது, ஒரு கடலைமிட்டாய்கூட.

விமானத்திலும் கப்பலிலும் இவ்வளவு எரிபொருள் எரித்துப் போய்விட்டுப் பருவநிலையைக் காப்பாற்றுங்கள் என்று சொல்வது முரண் இல்லையா? (பெங்களூரு)

முரண்தான். அதை மறைக்க மாட்டேன். 2022இல் வெளியான ஓர் ஆய்வு, கப்பல்களும் விமானங்களும் கக்கும் கரித்துகள் தீபகற்பத்துப் பனியில் படிந்து அதைக் கறுக்கச் செய்வதால், ஒரு சுற்றுலாப் பயணிக்குச் சுமார் 83 டன் பனி கூடுதலாக உருகுகிறது என்று கணக்கிட்டது. கறுத்த பனி வெயிலைத் திருப்பி அனுப்பாமல் குடித்துக்கொள்ளும், அதுதான் காரணம். கனரக எரிஎண்ணெய்க்கு 2011 ஆகஸ்டிலிருந்து அந்தக் கடலில் தடை இருக்கிறது. எங்கள் கப்பலும் இலகுவான எண்ணெயில்தான் ஓடுகிறது. ஆனாலும் புகை புகைதான்.

அப்படியென்றால் ஏன் போகிறேன்? 2018இல் திரும்பியதும் பள்ளிக்கூரையில் சூரியத்தகடு போட மூன்று வருடம் அலைந்தேன். இன்று பள்ளியின் பகல்நேர மின்சாரம் பெரும்பாலும் அதிலிருந்துதான். எங்கள் பிள்ளைகள் தினமும் மழை அளந்து குறிப்பு எழுதுகிறார்கள். இந்த வேலையைத் தொடங்க எனக்கு அந்தப் பயணம் தேவைப்பட்டது. எல்லாருக்கும் தேவைப்படாது. 83 டன்னுக்கு நான் செய்தது ஈடா என்று கேட்டால், இன்னும் இல்லை என்பதே என் பதில். அதனால்தான் இப்போது ஆள் தேர்வில் பிடிவாதமாக இருக்கிறேன்: ஊரில் என்ன செய்யப்போகிறாய் என்று எழுதித் தராதவருக்கு இடமில்லை. பார்த்துவிட்டு வந்தேன் என்று சொல்லிக்கொள்ள மட்டும் வருகிறவர்கள் வர வேண்டாம். எனக்கும் இதுவே கடைசிப் பயணம். அடுத்த முறை ஊரிலிருந்தே பயிற்சி கொடுப்பேன்.

பனியில் வண்டி இழுத்து நடப்பதுதானே துருவப் பயணம்? கப்பலில் போவது உல்லாசம் இல்லையா? (யாழ்ப்பாணம்)

இரண்டும் வேறு வேறு வேலை ஐயா. இழுத்து நடந்தவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். 2009இல் பென் ஹேடோ, ஆன் டேனியல்ஸ், மார்ட்டின் ஹார்ட்லி மூவரும் ஆர்க்டிக் கடற்பனிமேல் 73 நாள், 434 கிலோமீட்டர் நடந்தார்கள். பனியின் தடிமனை அளக்கத்தான் போனார்கள். அதற்கென்று செய்த ரேடார் குளிரில் பழுதானது. விட்டுவிட்டு வரவில்லை, கையால் துளையிட்டு அளவுநாடாவை இறக்கி நூற்றுக்கணக்கான இடங்களில் அளந்தார்கள். சராசரி 1.77 மீட்டர். பல வருடம் நின்று தடித்த பனி இருக்கும் என்று நினைத்த இடத்தில், பெரும்பாலும் ஒரே குளிர்காலத்தில் உறைந்த இளம்பனி. ஒவ்வொரு புதுக் குழுவுக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்: கருவி நம்மைக் கைவிடும், கையால் செய்யும் வழியையும் பழகிக்கொண்டு வாருங்கள்.

2048இல் அன்டார்க்டிகா ஒப்பந்தம் முடிகிறதாமே? அப்புறம் சுரங்கம் தோண்டலாமா? (சேலம்)

இல்லை. பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். 1959இல் கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு முடிவு தேதியே கிடையாது. சுரங்கத் தடை, அந்த ஒப்பந்தத்தோடு சேர்ந்த சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏற்பாடான 1991இன் மாட்ரிட் நெறிமுறையில் இருக்கிறது. அது 1998இல் நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து ஐம்பது வருடம் கழித்து, வாக்குரிமை உள்ள எந்த நாடும் மறுஆய்வு மாநாடு கேட்கலாம், அவ்வளவே. கேட்டாலும், சுரங்கத்தைக் கட்டுப்படுத்தும் வேறு சட்ட ஏற்பாடு நடைமுறையில் இருந்தால் ஒழியத் தடையை நீக்க முடியாது. 1983 முதல் இந்தியாவுக்கும் அந்த வாக்குரிமை உண்டு. ஆகவே நாமும் இதில் பேச வேண்டியவர்களே.

மாற்றம் கண்ணுக்குத் தெரியுமா மேடம், இல்லை எண்களில் மட்டும்தானா? (திருச்சி)

தெரியும். உஷுவாயாவிலேயே தெரிகிறது. நேற்று ஊருக்குப் பின்னால் உள்ள மார்ஷியல் பனியாற்றுக்கு ஏறினோம். பழைய படங்களில் பள்ளத்தாக்கை நிறைத்துக் கிடக்கிறது. நாங்கள் பார்த்தது மேல்விளிம்பில் ஒட்டிய திட்டுகளை. தெற்கே போனால் இன்னும் பெரியது. நிலத்துப் பனி கடல்மேல் நீண்டு பலகைபோல் மிதப்பதைப் பனித்தட்டு என்போம். லார்சன் பி என்ற தட்டு 2002 தொடக்கத்தில் ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான நாட்களில் நொறுங்கியது: 3,250 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சியைப்போல் ஏழு மடங்குக்கு மேல். மிதக்கும் பனி உடைவதால் கடல் நேரடியாக உயராது. ஆனால் பின்னால் இருந்த பனியாறுகளுக்கு அது அணைபோல் நின்றது. அணை போனதும் அவை வேகமாகக் கடலுக்குள் இறங்கின. அந்த நீர் கடல்மட்டத்தை உயர்த்தும். 2020 பிப்ரவரி 6 அன்று தீபகற்பத்தின் எஸ்பெரான்சா தளத்தில் 18.3 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஊட்டியில் ஒரு பகல்பொழுது மாதிரி.

எங்கள் ஏழாம் வகுப்புக்கு என்ன கொண்டு வருவீர்கள் டீச்சர்? ஒரு சின்னக் கல்லாவது? (விழுப்புரம், பள்ளி மாணவர்கள்)

கல், இறகு, எலும்பு எதுவும் எடுக்கக்கூடாது பிள்ளைகளே, ஒரு துண்டுகூட. ஒரு சத்தம் கொண்டு வருகிறேன்.

பனியாறு என்பது பல ஆயிரம் வருடம் விழுந்த பனி அழுந்தி இறுகியது. அழுந்தும்போது அந்தந்தக் காலத்துக் காற்றும் உள்ளே சிறு குமிழிகளாக மாட்டிக்கொள்ளும். அன்டார்க்டிகாவில் ஆழமாகத் துளையிட்டு எடுத்த பனியிலிருந்து 8 லட்சம் வருடத்துக் காற்றைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் காலம் முழுக்கக் கரியமில வாயு பத்து லட்சத்தில் 300 பங்கு அளவைத் தாண்டியதில்லை. இப்போது 420க்கு மேல்.

பனித்துண்டுகள் கடலில் மிதந்து உருகும்போது அந்தக் குமிழிகள் ஒவ்வொன்றாக வெடிக்கும். படகின் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்தால், சுற்றிலும் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் சடசடவென்று கேட்கும். 2018இல் கேட்டேன், பதிவு செய்யத் தோன்றவில்லை. இம்முறை ஒலிப்பதிவுக் கருவி வாங்கியிருக்கிறேன். அதன் உறையில் வெல்க்ரோ இருக்கிறது. அதைச் சுத்தம் செய்யத்தான் இப்போது எழுந்து போகிறேன்.