காட்டுப் புகையிலையில் தேமல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மரப் புகையிலை என்று சொல்லப்படும் காட்டுச் செடியின் இலைகளில் கரும்பச்சையும் மஞ்சள் கலந்த இளம்பச்சையும் திட்டுத் திட்டாக இருக்கின்றன. செடியோ தளதளவென்று வளர்ந்து பூத்துக்கொண்டிருக்கிறது. இது நோயா, இயல்பா?

பதில்: பெரும்பாலும் நோய்தான். சத்துக் குறைந்தாலும் இலை வெளிறும், ஆனால் அதில் நரம்பையொட்டி ஒரு ஒழுங்கு தெரியும். வைரஸால் வரும் இந்தத் திட்டுகளைத்தான் தேமல் என்கிறோம், அதில் அந்த ஒழுங்கு கிடையாது. எந்த வைரஸ் என்று இலையைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது, சோதனைக்கூடத்தில்தான் தெரியும். ஆனாலும் மரப் புகையிலை, அதாவது நிக்கோட்டியானா கிளாக்கா என்றால் என் சந்தேகம் புகழ்பெற்ற டி.எம்.வி. (புகையிலைத் தேமல் வைரஸ்) மேல் போகாது, அதன் ஒன்றுவிட்ட தம்பியான மென்பச்சைத் தேமல் வைரஸ் மேல்தான் போகும். முன்பு இதை டி.எம்.வி.யின் ஒரு வகை என்றே நினைத்திருந்தார்கள், பிறகுதான் தனி இனமாகப் பிரித்தார்கள்.

இரண்டும் பார்வைக்கு ஒரே அச்சு. சுமார் 300 நானோமீட்டர் நீளம், 18 நானோமீட்டர் தடிமன் உள்ள விறைப்பான குச்சி. உள்ளே மரபுக் குறிப்பைத் தாங்கும், கிட்டத்தட்ட 6,400 எழுத்துள்ள ஒற்றை ஆர்.என்.ஏ. இழை, அதைச் சுற்றி ஒரே புரதத்தின் ஏறக்குறைய 2,130 பிரதிகள் சுருளாக அடுக்கப்பட்டிருக்கும். மொத்தமே நான்கு புரதங்களுக்கான குறிப்புதான் அந்த இழையில் இருக்கிறது, அவ்வளவை வைத்துக்கொண்டுதான் ஒரு முழுச் செடியையும் வளைத்துப் போடுகிறது.

கேள்வி: யாரும் பயிரிடாத காட்டுச் செடிக்கு இது எப்படிப் பரவுகிறது? அசுவினியா, வெள்ளை ஈயா?

பதில்: இரண்டும் இல்லை. இந்தக் குடும்ப வைரஸ்களுக்கு அப்படி ஊர்தியாக ஒரு பூச்சி தேவையில்லை. இலையோடு இலை உரசி ஒரு நுண்மயிர் ஒடிந்தால் போதும், அந்தக் காயம் வழியாக உள்ளே போய்விடும். நோயுற்ற செடியைத் தொட்ட கை, வெட்டிய கத்தி, மண்ணில் கிடக்கும் பழைய இலை, வேர் எல்லாமே வழிகள்தான்.

கேள்வி: காய்ந்த இலையில் வைரஸ் எவ்வளவு காலம் தாங்கும்?

பதில்: பல பத்தாண்டுகள். இதை வைத்தே ஒரு அருமையான ஆய்வு நடந்திருக்கிறது. மரப் புகையிலைக்குத் தாய்மண் தென் அமெரிக்கா. ஆஸ்திரேலியாவுக்கு அது அநேகமாக 1870களில் வந்திருக்கும். அங்கே நியூ சவுத் வேல்ஸ் தாவர அருங்காட்சியகத்தில் 1899 முதல் 1972 வரை சேகரித்து, உலர்த்தி, தாளில் ஒட்டி வைத்திருந்த இந்தச் செடியின் மாதிரிகளிலிருந்தும், 1985, 1993இல் பறித்த உயிருள்ள செடிகளிலிருந்தும் வைரஸ்களை எடுத்து ஒப்பிட்டார்கள். 1997இல் முடிவுகள் வெளிவந்தன. 1950க்கு முந்தைய மாதிரிகளில் டி.எம்.வி., மென்பச்சை இரண்டுமே இருந்தன, பல செடிகளில் ஒன்றாகவே குடியிருந்தன. அதற்குப் பிறகு மென்பச்சை மட்டும்தான். டி.எம்.வி. அந்தச் செடிக் கூட்டத்திலிருந்தே காணாமல் போயிருந்தது.

சோதித்துப் பார்த்ததில், இரண்டும் ஒரே செடியில் சேர்ந்தால் டி.எம்.வி. தனியாக இருக்கும்போது பெருகும் அளவில் பத்தில் ஒரு பங்குதான் பெருகியது, மென்பச்சைக்கோ கூட்டாளி வந்ததால் ஒரு குறையும் இல்லை. டி.எம்.வி. ஒழிந்ததற்கு இது காரணமாக இருக்கலாம். என்னைக் கேட்டால் இதைவிட வியப்பானது வேறொன்று: ஆர்.என்.ஏ. வைரஸ்கள் மளமளவென்று மாறும் என்றுதானே படிக்கிறோம்? இங்கே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டில் மென்பச்சை வைரஸின் மரபு வேறுபாடு கூடவே இல்லை. புதிய மாதிரிகள் பழையவற்றைவிட வேகமாகப் பெருகவும் இல்லை. செடியைக் கொல்லாமல், பெரிதாக வாட்டாமல் காலம் தள்ளத் தெரிந்துவிட்டால் மாற வேண்டிய நெருக்கடி குறைவு என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

கேள்வி: வைரஸ் மேலேயே ஒட்டிப் பிழைக்கும் வைரஸ் உண்டாமே?

பதில்: உண்டு, அதுவும் இதே செடியில். கலிஃபோர்னியாவில் வளர்ந்த மரப் புகையிலையில்தான் புகையிலைத் தேமலின் துணைக்கோள் வைரஸைக் கண்டுபிடித்து 1986இல் அறிவித்தார்கள். இது குச்சி இல்லை, 17 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டை, ஆர்.என்.ஏ.வில் 1,059 எழுத்துகள்தான். தன்னைத்தானே நகலெடுக்கும் நொதிக்கான குறிப்புகூட இதனிடம் இல்லை, அதனால் மென்பச்சை போன்ற இந்தக் குடும்ப வைரஸ் ஒன்று இருக்கும் செல்லில்தான் பிழைப்பு. இவ்வளவு சின்னதாக இருந்ததே வசதியாகிப் போய், 2006இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தினர் ஒரு முழு வைரஸை அணு அணுவாகக் கணினியில் இயக்கிப் பார்க்க இதைத் தேர்ந்தெடுத்தார்கள். சுற்றியிருக்கும் நீரையும் சேர்த்துச் சுமார் பத்து லட்சம் அணுக்கள்.

கேள்வி: எல்லாக் காட்டுப் புகையிலையும் இப்படி வைரஸோடு ஒத்துப்போகுமா?

பதில்: இல்லவே இல்லை. நிக்கோட்டியானா குளுட்டினோசா என்ற இன்னொரு காட்டினத்தில் டி.எம்.வி.யைத் தேய்த்தால், அது நுழைந்த இடத்துச் செல்களைச் செடியே சாகடித்து வைரஸை அங்கேயே அடைத்துவிடும், இலையில் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள் மட்டும் மிஞ்சும். 1929இல் அந்தப் புள்ளிகளை எண்ணித்தான் சாற்றில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று அளக்கும் முறையே வந்தது. இந்தத் தற்காப்புக்குக் காரணமான 'என்' மரபணுவை 1994இல் பிரித்தெடுத்தார்கள், ஆனால் அதற்கு வெகு முன்பே இனக்கலப்பு மூலம் அதைப் பயிர்ப் புகையிலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

கேள்வி: சரி, மென்பச்சை இவ்வளவு சாது என்றால், அந்தச் செடிக்குப் பக்கத்திலேயே குடைமிளகாய் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். மரப் புகையிலையிடம்தான் அது சாது, மிளகாய் வகைகளில் நன்றாகவே தேமலைக் கிளப்பும். இன்னும் கேளுங்கள், ஃபுளோரிடாவின் மேய்ச்சல் நிலங்களில் தொல்லை தரும் சொலானம் வயாரம் என்ற முள் களையில் இதே வைரஸைச் செலுத்தினால் முழுச் செடியும் பட்டுப்போகிறது. குளுட்டினோசா செய்யும் அதே தற்காப்பு வேலைதான், ஆனால் இங்கே வைரஸ் ஓரிடத்தில் அடைபடாமல் பரவிக்கொண்டே போக, செடி தன் செல்களைக் கொன்றுகொண்டே போய்த் தானும் செத்துவிடுகிறது. அமெரிக்காவில் இதைக் களைக்கொல்லியாகவே பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆகவே தேமல் உள்ள செடியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, அப்புறம் நாற்றைத் தொடுங்கள். நாற்று நடும்போது கொழுப்பு நீக்கிய பாலில் கையை நனைத்துக்கொள்வதும் பழைய, பலன் தரும் வழக்கம்தான், பால் புரதம் வைரஸ் தொற்றுவதைத் தடுக்கும். கத்தியைக் கழுவவும் மறந்துவிடாதீர்கள்.