25 வருடம் நடந்த சந்துக்குப் பூட்டு: வழி கிடைக்குமா?

கேள்வி: கும்பகோணம் பக்கம் எங்கள் வீடு. பக்கத்து வீட்டுக்காரர் இடத்திலுள்ள சந்து வழியாக 25 வருடமாக மாடுகளைக் கொல்லைக்கு ஓட்டிப் போகிறோம். "தாராளமா போங்கம்மா" என்று சொன்ன பெரியவர் போன வருடம் காலமாகிவிட்டார். அவர் மகன் இரண்டு மாதத்துக்கு முன் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். 12 வருடம் அனுபவித்தால் நமக்குச் சொந்தம் என்கிறார்களே? போலீஸில் புகார் கொடுக்கலாமா? – ஒரு வாசகி

பதில்: அம்மா, அந்த 12 வருடக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அடுத்தவர் நிலத்தை அவருக்கு எதிராகத் தன் வசம் வைத்திருப்பவருக்கு உள்ளது அது. நீங்கள் சந்தில் நடந்தீர்கள், அவ்வளவுதான். நடைபாதைக்கு 1882-ஆம் வருட வசதியுரிமைச் சட்டத்தின் (அடுத்தவர் நிலத்தை வழி போன்ற தேவைக்குப் பயன்படுத்தும் உரிமை பற்றியது) 15-வது பிரிவைப் பார்க்க வேண்டும். 20 வருடம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு நடந்திருக்க வேண்டும்.

வருடம் போதும். 'உரிமையோடு' என்பதில்தான் சிக்கல். பெரியவர் சம்மதத்தோடு நடந்தோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சம்மதத்தோடு நடந்தால் அது வெறும் அனுமதி. எத்தனை வருடம் போனாலும் உரிமையாக மாறாது. கொடுத்தவரோ அவர் வாரிசோ திரும்பப் பெறலாம். யாரையும் கேட்காமல், முறைத்துக்கொண்டே நடந்திருந்தால் உங்கள் தரப்பு இன்று பலமாக இருந்திருக்கும்! நல்ல அண்டை வீட்டாருக்குச் சட்டம் செய்யும் விநோதம் இது.

சரி, வேறு வழி உண்டா? முதலில் உங்கள் தாய்ப் பத்திரத்தை, அதாவது சொத்தின் பழைய மூலப் பத்திரத்தை எடுங்கள். நான்கெல்லையில் அந்தச் சந்து 'பொதுச் சந்து' என்று இருக்கிறதா, அந்தச் சந்தைக் குறிப்பிட்டு வழிநடைப் பாத்தியம் (நடந்துபோகும் உரிமை) எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாப் பத்திரத்திலும் கடைசியில் வரும் 'மாமூல் வழிநடை பாத்தியங்கள் சகிதம்' என்ற வரி மட்டும் போதாது. பக்கத்து வீட்டாரின் பத்திர நகலையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு வாங்குங்கள். பல வழக்குகள் எதிராளியின் பத்திரத்தாலேயே ஜெயித்திருக்கின்றன. இரண்டு மனையும் ஒரு காலத்தில் ஒரே சொத்தாக இருந்து பிரிந்தவை, கொல்லைக்கு வேறு வழியே இல்லை என்றால் 13-வது பிரிவில் அவசிய வழி கேட்கலாம். வீட்டுக்குள்ளேயோ மறுபக்கமாகவோ மாடு போக முடியுமென்றால் அந்த வாதம் நிற்காது; சிரமம் வேறு, வழியே இல்லாதது வேறு.

அனுமதியை நம்பி அந்தச் சந்தில் நீங்கள் செலவழித்து கான்கிரீட் தளமோ குழாயோ போட்டிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். நிரந்தர வேலை செய்தவரின் அனுமதியை ரத்து செய்ய முடியாது என்கிறது 60-வது பிரிவு. ரசீது இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

போலீஸ் இதைத் தீர்க்க முடியாது, இது சிவில் விவகாரம். கோபத்தில் பூட்டை உடைத்தால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். 20 வருட அனுபவத்தை வைத்துக் கேட்பதானால், பாதை அடைபட்டு இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்கு முன் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள். பெண் என்பதால் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். மகனையும் அங்கே அழைத்துப் பேசுவார்கள். காலையும் மாலையும் மாடு போக மட்டும் வழி, அதற்கு ஒரு தொகை என்று அவர் இறங்கி வந்தால் விடாதீர்கள். வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.