வாசகர் கேள்வி – பதில்: எண்ணெய் எங்கே சொட்டும்?

மாதிரி ரயில் அமைப்பில் டீசல் எஞ்சின் பராமரிப்புத் தளம் செய்வோரிடமிருந்து வந்த கேள்விகள் இம்முறை ஒன்றாக.

ஏறாவூர் வாசகர்: 1:76 அளவில் இலங்கை ரயில்வேயின் எம்2 வகை எஞ்சினுக்கு டீசல் அடிக்கும் இடம் ஒன்று செய்தேன். தண்டவாளத்துக்கு நடுவே முழு நீளத்துக்கும் கறுப்புப் பெயின்ட் பூசினேன். எண்ணெய்க் கறை மாதிரி இல்லை, தார் போட்ட ரோட்டு மாதிரி இருக்கிறது. எங்கே பிழை?

பதில்: இரண்டு பிழை. ஒன்று நிறம், மற்றது இடம். இடம்தான் பெரிய பிழை.

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினிலிருந்தும் எண்ணெய் சொட்டும். ஆனால் அது மைல் கணக்கில் பரவிப்போவதால் கண்ணுக்குத் தெரியாது. எஞ்சின் நாள்தோறும் ஒரே இடத்தில் நின்றால்தான் கறை திரளும். டீசல் அடிக்கும் இடத்தில் எஞ்சின் எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது எரிபொருள் தாங்கியின் வாய். எம்2வில் தாங்கி இரண்டு போகிகளுக்கும் (சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களுக்கும்) நடுவே, அடியில் இருக்கிறது. ஆகவே முதலில் எஞ்சினை எடுத்து, தாங்கியின் வாய் குழாய்க்கு நேரே வரும்படி தண்டவாளத்தில் நிறுத்துங்கள். இரண்டு போகிகளும் எங்கே நிற்கின்றன, எஞ்சினின் நடு எங்கே வருகிறது என்று சிலிப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக்கட்டை) ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். பிறகு எஞ்சினைத் திருப்பி நிறுத்தி மறுபடி குறியுங்கள். ஓட்டுனர் ஒவ்வொரு நாளும் ஒரே அங்குலத்தில் நிறுத்தமாட்டார் என்பதால் குறிகளின் இருபுறமும் 15 மி.மீ. கூட்டிக்கொள்ளலாம். கறை இந்தத் திட்டுகளில்தான் இருக்கவேண்டும். திட்டுகளுக்கு இடையில் சல்லிக்கல்லின் நிறம் தெரியட்டும்.

தண்டவாளங்களுக்கு இடையே விழுவது மசகு எண்ணெயும் கிறீசும். டீசல் விழுவது வெளிப்பக்கம், குழாய் நிற்கும் பக்கம் மட்டும். இரண்டும் ஒன்றுபோல் தெரியாது. மசகு எண்ணெய் தடிப்பானது, விழுந்த இடத்திலேயே தூசியைப் பிடித்துக்கொண்டு கட்டியாகும். டீசல் மெல்லியது, அகலமாகப் பரவும், கல்லை நனைத்து இருட்டாக்குமே தவிர மேட்டை உண்டாக்காது.

நிறத்துக்கு வருவோம். அக்ரிலிக்கில் கரும்பழுப்பு 3 பங்கு, கறுப்பு 1 பங்கு, தண்ணீர் 10 பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. இதைப் பூசாதீர்கள், சொட்டுங்கள். கல்லுக்கிடையில் அது தானாக இறங்கும். முதற் சொட்டு தண்டவாளங்களுக்கிடையே 10 மி.மீ. அகலத்துக்குப் பரவட்டும். நன்றாகக் காய்ந்தபின் இரண்டாம் மூன்றாம் சொட்டுகளை நடுவில் 5 மி.மீ. அகலத்துக்குள் மட்டும் விடுங்கள். ஓரம் மங்கி, நடு இருண்டு வரும். கல் ஒட்டிய பசை காய ஒரு முழு நாள் விட்ட பின்பே இந்த வேலையைத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் கல் பிரஷோடு வந்துவிடும்.

அடுத்ததாக, பழைய கறையின் ஓரங்களில் சாம்பற்பழுப்புத் தூள் மிகக் கொஞ்சம். பழைய எண்ணெய் பளபளக்காது, தூசி மூடி மங்கிவிடும். பளபளப்பது இன்று சொட்டியது மட்டும். கடைசியாகக் கிளொஸ் (பளபளக்கும்) வார்னிஷில் பிரஷ் நுனியளவு கரும்பழுப்பைக் கலந்து மூன்று நான்கு புள்ளி வையுங்கள், ஒவ்வொன்றும் 2 மி.மீ.க்குள். ஐந்தாவது புள்ளிக்குக் கை போகும், விடாதீர்கள்.

எஞ்சினிலும் இதே கணக்குத்தான். தாங்கியின் வாயிலிருந்து கீழ்நோக்கி ஒரு வடிகறை, பாதிப் பளபளப்பில், கறுப்பாக இல்லாமல் ஈரம்பட்ட தோற்றத்தில். கூரையில் புகைபோக்கி வாயைச் சுற்றிப் புகைக்கரி, அதுவும் வட்டமாக இல்லாமல் எஞ்சினின் நீளவாக்கில் இழுபட்டு. போகிகளிலும் படிக்கட்டுகளிலும் பிரேக் கட்டைத் தூளின் பழுப்பு. மழைநீர்க் கோடுகள் மேலிருந்து கீழே, பக்கத்துக்கு நாலைந்து போதும். ஒவ்வொரு அழுக்குக்கும் அது எங்கிருந்து வந்தது என்று விரலால் காட்ட முடியவேண்டும். காட்ட முடியாததைத் துடைத்துவிடுங்கள்.

கல்முனை வாசகி: எங்கள் மாவட்டத்துக்குக் கோச்சி (ரயில்) வராது, ஆனால் கடற்கரை மணலுக்குக் குறைவில்லை. சல்லிக்கல்லுக்கும் எஞ்சினுக்கு நிரப்பும் மணலுக்கும் அதையே பாவிக்கலாமா?

பதில்: சல்லிக்கல்லுக்குப் பாவிக்கலாம், மூன்று வேலை செய்தால்.

முதலாவது உப்பு. உப்பிருந்தால் மணல் எப்போதும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், தண்டவாளமும் கம்பி இணைப்புகளும் பச்சை பிடிக்கும். கிணற்றுத் தண்ணீரில் நாலைந்து தடவை அலசி, கடைசித் தண்ணீரில் உப்புக்கரிக்கவில்லை என்று கண்டபின் வெயிலில் காயவைத்து, இரும்புச் சட்டியில் பத்து நிமிடம் வறுத்தெடுங்கள்.

இரண்டாவது காந்தம். கிழக்குக் கரை மணலில் கறுப்பு மணிகள் கலந்திருக்கும். புல்மோட்டையில் அள்ளுகிற இல்மனைட் இந்த வகைதான். அவற்றில் ஒரு பகுதி காந்தத்தில் ஒட்டும். எஞ்சின் மோட்டருக்குள் இருப்பதும் காந்தம். தளர்ந்த மணிகளை அது மேலே இழுத்துப் பல்சக்கரத்துக்குள் சேர்த்துவிடும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பொலித்தீனில் சுற்றி, பரப்பிய மணலின் மேல் கறுப்பு ஒட்டுவது நிற்கும்வரை ஓட்டுங்கள்.

மூன்றாவது அரிப்பு. நிசத்தில் 50 மி.மீ. கல் 1:76இல் சுமார் 0.65 மி.மீ. ஜன்னல் நுளம்பு வலையில் இறங்கி, தேத்தண்ணி வடியில் தங்குவதை எடுத்தால் கிட்டத்தட்டச் சரியாக வரும். கடல்மணல் உருண்டை, சல்லிக்கல் கூர். உற்றுப் பார்ப்பவர் கண்டுபிடிப்பார். கல்குவாரித் தூள் கிடைத்தால் அதை அரித்துப் பாவிப்பதே எங்கள் தெரிவு.

எஞ்சின் மணலுக்கு மணல் ஒத்துவராது. சக்கரம் வழுக்காமலிருக்கத் தூவுகிற மணல் நிசத்திலேயே பொடி, அதை 76 மடங்கு சுருக்கினால் மாவுதான். முகப்பவுடரில் மஞ்சள் ஒக்சைட் ஒரு சிட்டிகை கலந்து, மணல் நிரப்பும் இடத்திலும் சக்கரத்துக்கு முன்னால் மணற்குழாய் நிற்கும் இடத்திலும் மெல்லிய கோடாக வையுங்கள். எண்ணெய்க் கறுப்புக்குப் பக்கத்தில் அந்த வெளிர்மஞ்சள் விழும்போதுதான் இடம் உயிர்பெறும்.

அக்கரைப்பற்று வாசகர்: வெளிநாட்டு வெதரிங் பவுடர் (மாதிரிக்குப் பழசான, அழுக்கான தோற்றம் தரும் தூள்) விலை கட்டுப்படியாகவில்லை. சீமெந்துத் தரைக்குக் கலக்கும் ஒக்சைட் தூள் சரிவருமா?

பதில்: சிவப்பும் மஞ்சளும் தாராளமாகச் சரிவரும், இரண்டும் இரும்பு ஒக்சைட்தான். தனிச் சிவப்பு துருப்போல் இராது. சிவப்பு 2, மஞ்சள் 1, சிரட்டைக்கரித் தூள் 1 என்று கலந்தால் பழைய துரு. கரியைக் குறைத்து மஞ்சளைக் கூட்டினால் புதுத் துரு. கறுப்பு ஒக்சைட்டை மட்டும் எஞ்சின் பக்கம் கொண்டுபோகவேண்டாம். அது காந்தத்தில் ஒட்டும் வகை, மேலே மணலுக்குச் சொன்ன காரணமே இதற்கும். கறுப்புக்கு விளக்குக்கரி அல்லது நன்றாக அரைத்து மெல்லிய துணியில் அரித்த சிரட்டைக்கரி. தூளைக் கையாளும்போது முகக்கவசம் போடுங்கள்.

காத்தான்குடி வாசகர்: தூள் பூசியபோது எஞ்சின் அருமையாக இருந்தது. மேலே மாட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்பிரே அடித்ததும் பாதி காணாமற் போய்விட்டது, கூரை வெள்ளையாகப் பூத்தும் விட்டது. காப்பாற்ற முடியுமா?

பதில்: தூள் போகவில்லை, நனைந்துவிட்டது. உலர்ந்த தூள் ஒளியைச் சிதறடிப்பதால் வெளிறித் தெரிகிறது. துகள்களுக்கிடையில் வார்னிஷ் புகுந்ததும் அந்தச் சிதறல் குறைந்து நிறம் அமுங்கும். வெளிர்நிறங்கள் அதிகம் அமுங்கும், கரி அவ்வளவாக அமுங்காது. அடுத்த தடவை முதலில் மாட் வார்னிஷ் அடித்துக் காயவிடுங்கள். அந்தச் சொரசொரப்பில் தூள் பிடிக்கும். வேண்டியதை விட ஒன்றரை மடங்கு தூள் பூசி, தட்டி உதறி, 30 செ.மீ. தூரத்திலிருந்து பனிபோல் இரண்டு தரம் மட்டும் அடியுங்கள். நனைந்து மினுங்கினால் அடித்தது கூட. கையால் அடிக்கடி தூக்காத எஞ்சினுக்கு மேல்வார்னிஷே தேவையில்லை.

வெள்ளை பூத்தது காற்றின் வேலை. கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, வாடைக்காலத்து ஈரக்காற்று அதில் படிகிறது. வெயில் அடித்து ஈரம் குறைந்த ஒரு முற்பகலில் அதே வார்னிஷை மிக மெல்லியதாக இன்னொரு தரம் அடித்தால் பெரும்பாலும் தெளியும். அதற்காகக் கச்சான் காற்று வீசும் நாட்களில் வெளியே அடிக்கப் போகவேண்டாம். அந்த வறண்ட சூட்டில் துளி எஞ்சினைத் தொடுமுன்பே காய்ந்து, மேற்பரப்பு அரத்தாள்போல் ஆகும், தூசியும் சேரும். கச்சானில் விடியற்காலை, வாடையில் முற்பகல்.

ஹாட்வெயார் கடைத் தின்னரால் துடைக்க நினைத்திருந்தால் நினைப்பை விடுங்கள். பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

செங்கலடி வாசகர்: கடையில் வாங்கிய, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. உள்ள பாதையில் நம் நாட்டு எஞ்சின் ஒல்லிக்காலில் நிற்பது போல் இருக்கிறதே?

பதில்: அப்படித்தான் இருக்கும். இலங்கை அகலப்பாதை 1676 மி.மீ. 1:76இல் அது 22 மி.மீ. உங்களுடையதில் ஐந்தரை மி.மீ. குறைவு. 22க்கு மாறினால் பாதை, சக்கர அச்சு எல்லாவற்றையும் கையால் செய்யவேண்டும். 16.5இலேயே இருப்பதானால், பராமரிப்புத் தளத்தில் சிலிப்பர் மேல்மட்டம்வரை மண்ணையும் தூசியையும் நிரப்புங்கள். சிலிப்பர் நுனி மறைந்தால் ஒடுக்கம் அவ்வளவு தெரியாது.

களுவாஞ்சிகுடி வாசகர்: எண்ணெய் பீப்பா, டீசல் குழாய் போன்ற சின்னச் சாமான்களுக்கு என்ன பாவிக்கலாம்?

பதில்: 200 லீற்றர் பீப்பா 1:76இல் ஏறத்தாழ 7.7 மி.மீ. விட்டம், 11.5 மி.மீ. உயரம். அந்தத் தடிப்புள்ள பேனாக் குழாயை வெட்டி, மூன்றில் ஒரு பங்கு உயரங்களில் நூலைச் சுற்றிச் சுப்பர் குளூவால் ஒட்டினால் வளையங்கள். நாலு பீப்பா வைத்தால் ஒன்று சரிந்து கிடக்கட்டும். துரு அடிவளையத்திலும் மூடியில் தண்ணீர் தேங்கும் விளிம்பிலும்தான். குழாய்க்கு 0.8 மி.மீ. ஈயக்கம்பி: வளைத்த இடத்தில் நிற்கும், தொங்கும் பாரமும் தெரியும். உறையுள்ள மின்கம்பி விறைத்து எழும்பும். குழாயின் வாய்க்குக் கீழே ஒரு சொட்டுத்தட்டு, அதற்குள் கிளொஸ். சுவரில் இரண்டு சிவப்பு மணல்வாளி.

வாழைச்சேனை வாசகர்: வெதரிங் முடித்த எஞ்சின் விட்டு விட்டு ஓடுகிறது. மோட்டர் போய்விட்டதா?

பதில்: மோட்டராக இருக்க வாய்ப்புக் குறைவு. சக்கரத்தின் ஓடுமேற்பரப்பில் வார்னிஷ் படிந்திருக்கும், அது மின்சாரத்தை மறிக்கிறது. டிசுத் தாளில் ஐசோபுறோப்பைல் அற்ககோல் நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே விரித்து, ஒரு போகியை அதன்மேலும் மற்றதை வெறும் தண்டவாளத்திலும் வைத்து மின்சாரம் கொடுங்கள். கையால் பிடித்திருக்கச் சக்கரம் சுழன்று கறுப்புக் கோடு விடும். கோடு விழுவது நிற்கும்வரை தாளை மாற்றுங்கள், பிறகு எஞ்சினைத் திருப்பிவைத்து மற்றப் போகிக்கும் செய்யுங்கள். அதே அற்ககோல் அக்ரிலிக் பூச்சில் பட்டால் அதையும் தூக்கிவிடும், போகிப் பக்கத்தட்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் சரிவரவில்லையானால் சக்கரத்தின் பின்புறம் உரசும் மின்தகடுகளில் தூள் அடைத்திருக்கும். மெல்லிய பிரஷால் தட்டி எடுங்கள். இனிமேல் உடலைக் கழற்றித் தனியாகவும் அடிச்சட்டத்தைத் தனியாகவும் பூசுங்கள். சக்கரப் பக்கங்களுக்கு, மின்தகடுகளில் 9 வோல்ற் பற்றரி இணைத்துச் சக்கரத்தைச் சுழலவிட்டு மெல்லியதாக அடித்து, பூச்சு ஈரமாக இருக்கும்போதே பஞ்சுக்குச்சியால் ஓடுமேற்பரப்பைத் துடைத்துவிடுங்கள்.