சீர்த்தட்டில் ஒரு டார்ச் லைட்

வணக்கம் அக்கா,

சென்னையில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் பாபநாசம் பக்கம். என் அக்கா மகனுக்கு வரும் கார்த்திகையில் பதினைந்து வயது முடிகிறது. வீடு தங்க மாட்டான். பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு குடமுருட்டிக் கரை, வயல், மூங்கில் கொல்லை என்று சுற்றுவான். எந்தப் பறவை எங்கே கூடு கட்டியிருக்கிறது என்று கேட்டால் சொல்வான். முன்பெல்லாம் அவன் தங்கையும் பின்னாலேயே ஓடுவாள். பெரியவளான பிறகு அவள் போவதில்லை. போன தை மாதம் சடங்கு வைத்தோம். தாய்மாமன் சீராக இரண்டு பவுனில் செயின் போட்டேன்.

பையனுக்கு ஆறாயிரம் ரூபாய்க்குள் நல்லதாக ஏதாவது வாங்கித் தர ஆசை. பைனாகுலரா, டென்ட்டா, காட்டுக்குப் போகிறவர்கள் வைத்திருக்கும் மடக்குக் கத்தியா என்று குழப்பமாக இருக்கிறது. பத்தாவது பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார் அத்தான். நீங்கள் ஆறு, வயல், பறவை என்று எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன்.

அன்புடன்,
பாபநாசம் வாசகர்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அரசலாற்றுப் பாலத்தில் நின்றுகொண்டிருந்தேன். கீழே படித்துறையில் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், பதினான்கு பேர். அதில் மூன்று பேர்தான் பெண் பிள்ளைகள், அவர்களும் எட்டு ஒன்பது வயதுக்காரிகள். மேல் படியில் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஒருத்தி, தம்பியின் சட்டைக்கும் செருப்புக்கும் காவல் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் கட்டைவிரலை மட்டும் தண்ணீரில் வைத்திருந்தாள். அந்தக் கட்டைவிரல் நான்கு நாளாக என் மனதை விட்டுப் போகவில்லை. அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பைனாகுலர் வாங்குங்கள். அதில் 8x42 என்று போட்டிருக்க வேண்டும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம் என்று அதற்கு அர்த்தம். கடைக்காரர் இருபது மடங்கு, முப்பது மடங்கு என்று ஆசை காட்டுவார். கையில் பிடித்துப் பார்க்கும்போது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுகிறதோ அத்தனை மடங்கு கை நடுக்கத்தையும் காட்டும். நாரை எங்கே வானம் எங்கே என்று தெரியாது. நம் ஊர் ஈரத்துக்குக் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு ஒரு மூடி போட்ட டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். ஆறாயிரத்துக்குச் சுமாரான ஒன்று கிடைக்கும், ஆரம்பத்துக்கு அது போதும்.

டென்ட் வேண்டாம். சம்பா நடவு முடிந்த டெல்டாவில் அதை அடிக்க ஒரு காய்ந்த திட்டு கிடைக்காது. கத்தி பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. அத்தான் சொல்லும் பத்தாவது பரீட்சையைப் பற்றியும் பேசப் போவதில்லை. பரீட்சைக்கும் பறவைக்கும் சண்டை மூட்டிவிடுவது பெரியவர்களின் வேலை, பிள்ளைகள் இரண்டையும் பார்த்துக்கொள்வார்கள்.

சரி, இப்போது உங்களிடம் கொஞ்சம் கோபமாகப் பேச வேண்டியிருக்கிறது.

"பெரியவளான பிறகு அவள் போவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த வரியிலேயே இரண்டு பவுன் செயின் வந்துவிட்டது. போவதில்லை என்றால் என்ன தம்பி? அவளாகவே போகாமல் இருக்கிறாளா? ஒரு நாள் காலையில் எழுந்ததும் கூடு, முட்டை, ஆறு எல்லாம் அவளுக்கு அலுத்துப் போய்விட்டதா? வீட்டில் யாரோ ஒருவர் "இனிமேல் வேண்டாம்" என்று சொல்லியிருப்பார்கள். அவள் அழுதிருப்பாள், அல்லது அழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள். உங்களுக்குத் தெரிந்தும் அது ஒரு செய்தியாகப் படவில்லை. வெளியே சுற்றுவதில் ஆசையுள்ள பிள்ளைகள் அந்த வீட்டில் இரண்டு பேர். நீங்கள் ஒருவனுக்கு மட்டும் பரிசு தேடுகிறீர்கள்.

எனக்குச் சடங்கு நடந்தது 1981இல். என் தாய்மாமா நீடாமங்கலம் பக்கம் விவசாயி. வெண்ணாறு அங்கே மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று மூன்றாகப் பிரியும். அந்தத் தண்ணீரில்தான் அவர் பிழைப்பு. பெரிய வசதி கிடையாது. ஆனாலும் பதினொரு தட்டு சீர் கொண்டுவந்தார். பட்டுப்பாவாடை, கொலுசு, பூ, பழம், வெல்லம், வளையல் எல்லாம் இருந்தன. கடைசித் தட்டில் வெற்றிலை பாக்குக்கு நடுவில் ஒரு மூணு கட்டை டார்ச் லைட் படுத்திருந்தது. பளபளவென்று வெள்ளித் தகடு மாதிரி. அதற்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார்.

பந்தலில் இருந்த பெண்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் என் அப்பாவழி அத்தை ஒருவர் எழுந்து, வயசுக்கு வந்த பொண்ணுக்கு இருட்டில் என்ன வேலை என்று சத்தமாகவே கேட்டார். மாமா அதிகம் பேசாதவர். "இருட்டுன்னா என்னன்னு அவளுக்குத் தெரியணும்ல அக்கா" என்று மட்டும் சொன்னார். என் அம்மாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. அன்று ராத்திரியே மூன்று பேட்டரிக் கட்டைகளையும் கழற்றிக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டார்.

அந்த வருடம் காலாண்டுப் பரீட்சை விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் போனேன். வெறும் குழாயாக டார்ச்சையும் எடுத்துப் போயிருந்தேன். அவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார், எடை குறைந்திருப்பது தெரிந்துவிட்டது. எதுவும் கேட்கவில்லை. மறுநாள் கடைத்தெருவிலிருந்து வரும்போது தாளில் சுற்றி மூன்று கட்டைகள் வாங்கி வந்தார். அந்த வாரம் அவர் வயலுக்கு முறைத் தண்ணீர் ராத்திரியில்தான் வந்தது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, "வர்றியாம்மா?" என்றார்.

வரப்பில் அவர் முன்னால், நான் பின்னால். நாங்கள் போகப் போகத் தவளைச் சத்தம் எங்களைச் சுற்றி மட்டும் நிற்கும், தாண்டியதும் பின்னால் மறுபடியும் எழும்பும். தலைக்கு மேலே வக்கா கத்திக்கொண்டு போகும். எலி பிடிக்கும் ஆந்தை வந்து உட்காரட்டும் என்று வயல் நடுவில் தென்னை மட்டையைக் கவிழ்த்து நட்டிருப்பார்கள், அதில் கூகை உட்கார்ந்திருக்கும். வெளிச்சம் பட்டால் தலையை மட்டும் திருப்பும். மடை வாயில் தண்ணீர்ப் பாம்பு தலையை நீட்டிக்கொண்டு கெண்டைக்குக் காத்திருக்கும். பகலில் நான் பார்த்துப் பழகிய அதே வயல்தான், ராத்திரியில் வேறு ஆட்கள் வந்து குடியிருந்தார்கள்.

ஒரு இடத்தில் மாமா நின்றார். டார்ச்சைக் கீழே பிடிக்காதே, காதோரம் கண்ணுக்கு நேராக வைத்துப் புல்லைப் பார் என்றார். வைத்தேன். வரப்பு நெடுக, புல்லுக்குள், பச்சை நிறத்தில் ஊசிமுனை அளவுக்குப் புள்ளி புள்ளியாக மின்னியது. பனித்துளி என்றுதான் நினைத்தேன். "கிட்டப் போய்ப் பாரு" என்றார். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிலந்தியின் கண். வலை பின்னாமல் தரையில் ஓடி இரை பிடிக்கும் ஓநாய்ச் சிலந்திகள் அவை என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அதன் கண்ணுக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது, விழுந்த வெளிச்சத்தை வந்த வழியிலேயே திருப்பி அனுப்பும். மாட்டுக்கும் பூனைக்கும் கண் மின்னுவது இதனால்தான். விளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால்தான் திரும்பி வரும் வெளிச்சம் நம் கண்ணில் விழும். உங்கள் மருமகளிடம் இதைச் சொல்லுங்கள். கொல்லையிலேயே பார்க்கலாம், வாசல் தாண்டக்கூட வேண்டாம்.

அதற்குப் பிறகு மாமா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், மல்லிகைப்பூப் பொட்டலத்தோடு மூன்று கட்டைகளும் வரும். ஐந்து வருடம் வந்தன. அம்மா ஒளித்து வைப்பதை எப்போது நிறுத்தினார் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

காலம் கெட்டுக் கிடக்கிறது, பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று உங்கள் அக்கா கேட்பார். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். தனியாக அனுப்பச் சொல்லவில்லை, கூடப் போங்கள். அவளுடைய தோழி ஒருத்தியையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஊர் பேசும் என்றால் மாமனோடு போகிற பெண்ணை ஊர் என்ன பேசும்? தாய்மாமன் என்ற உறவுக்கு நம் ஊரில் அத்தனை உரிமை இருக்கிறது. பச்சை ஓலை கட்ட, மாலை போட, மடியில் உட்கார வைத்துக் காது குத்த எல்லாவற்றுக்கும் மாமன் வேண்டும். அந்த உரிமையை ஒருநாளாவது அவளை வெளியே கூட்டிக்கொண்டு போவதற்குப் பயன்படுத்தினால் என்ன?

ஆடிப்பெருக்கு அன்று அதே பெண்ணை ஆற்றுக்கு அனுப்பிவைக்கிறோம். காவிரியைப் பெண் என்கிறோம், கர்ப்பிணி என்கிறோம், காதோலை கருகமணி விடுகிறோம், சித்திரான்னம் படைக்கிறோம். மறுநாள் முதல் அந்தத் தண்ணீர் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்தது யார்? அந்தப் பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாவிட்டால் செயினை விற்றாவது கற்றுக்கொடுங்கள். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்களில் எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்திருக்கிறோம்! ஆற்றங்கரை ஊரில் நீச்சல் தெரியாமல் ஒரு பெண்ணை வளர்ப்பது எனக்குத் தாங்க முடியாத கோபத்தைத் தருகிறது. அண்ணனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கேட்டுப் பாருங்கள்.

தாய்மாமன் என்றதும் இன்னொருவர் நினைவு வருகிறது. பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலி பெற்றோரை இழந்து மும்பையில் தாய்மாமன் அமிருத்தீன் தியாப்ஜி வீட்டில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். கழுத்தில் மஞ்சளாக இருந்தது. அது என்ன குருவி என்று மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்டுக்கு ஒரு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பிவைத்தார். மில்லார்டு அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு நிறுத்தாமல், அங்கே பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் பையனுக்குக் காட்டினார், படிக்கப் புத்தகங்களும் கொடுத்தார். அதே சங்கத்தினர்தான் பல பத்தாண்டுகளாக நம் கோடியக்கரையில் பறவைகளின் காலில் வளையம் மாட்டி, எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று கணக்கு வைக்கிறார்கள். அந்தக் குருவியைக் கொண்டுவந்து காட்டியது ஒரு பெண் பிள்ளையாக இருந்தால் அந்தக் கடிதம் எழுதப்பட்டிருக்குமா என்று எனக்குத் தெரியாது. உங்களிடம் இப்போது ஒருத்தி இருக்கிறாள். நீங்கள் எழுதலாம்.

ஆகவே ஆறாயிரத்தை இப்படிச் செலவு செய்யுங்கள். பைனாகுலர் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று. யாருக்கு எந்த நாள் என்று முறை வைத்துக்கொள்ளட்டும், தண்ணீருக்கே முறை வைத்த ஊர்தானே. அண்ணனுடைய பொருளைத் தங்கை இரவல் கேட்பதாக இருக்கக்கூடாது, கொடுக்கும்போதே இரண்டு பேர் கையிலும் கொடுங்கள். அப்புறம் அவளுக்கு, பாக்கெட் வைத்த பேன்ட் இரண்டு, மண் நிறத்திலோ பாசி நிறத்திலோ. சுடிதாரில் ஒரு பென்சில் வைக்க இடம் கிடையாது. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் இரண்டு பேருக்கும். ராத்திரி வரப்பில் கட்டுவிரியன் இருக்கும். பூட்ஸும் வெளிச்சமும் இல்லாமல் இறங்கக்கூடாது. அப்படியும் கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், நேராக அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். பணம் பத்தாவிட்டால் என்ன, செயினுக்குக் கணக்குப் பார்த்தீர்களா?

பொங்கலுக்கு ஊருக்கு வருவீர்கள். அந்த நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவை கணக்கெடுப்பு நடக்கும். யார் வேண்டுமானாலும் சேரலாம், ஒரு இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்ததை எண்ணி இணையத்தில் பதிந்தால் போதும். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற வழியில் வடுவூர் ஏரி இருக்கிறது. காவிரித் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து நிறைகிற ஏரி. தை மாதம் தண்ணீர் நிற்கும், நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும் இருக்கும். காலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும் என்றால் ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். அவளைத்தான் முன் சீட்டில் உட்கார வைக்க வேண்டும்.

அவள் எண்ணிய பட்டியலை எனக்கு அனுப்புங்கள். அவள் கையெழுத்திலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா